கோல்ஃபில் டிரைவர் அடித்தால் பந்து இடப்பக்கம் ஓடுகிறதா? ஹுக்கையும் புல்லையும் பிரித்துச் சரிசெய்யும் முறை

டீ என்ற சிறு குச்சியின் மேல் வைத்து, டிரைவர் என்ற நீளமான கிளப்பால் அடித்த பந்து இடப்பக்கக் காட்டுக்குள் போனதும் பலரும் முதலில் செய்வது கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் முறையை, மாற்றுவது. அடுத்தது, இன்னும் வலப்பக்கமாகத் திரும்பி நிற்பது. இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். இடப்பக்கம் போகும் பந்து எல்லாம் ஒரே நோய் இல்லை. வளையாமல் நேராக இடப்பக்கம் போவது புல் (pull), இடப்பக்கம் வளைந்து போவது ஹுக் (hook). புல்லுக்கான மருந்தை ஹுக்குக்குக் கொடுத்தால் ஹுக் இரட்டிப்பாகும். "கிளப்பை வலப்பக்கமாக வெளியே வீசு" என்ற அறிவுரை புல் அடிப்பவருக்கு நல்லது. ஹுக் அடிப்பவர் ஏற்கெனவே அதைத்தான் அளவுக்கு மீறிச் செய்துகொண்டிருக்கிறார்.

கீழே உள்ளதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு எழுதியது. இடக்கையர் வலமும் இடமும் மாற்றிப் படிக்கவும்.

படி 1: பந்து எங்கே கிளம்புகிறது?

பந்து எங்கே விழுந்தது என்பதை மறந்துவிடுங்கள். கிளம்பும் திசையைப் பாருங்கள். டிரைவரில் பந்து கிளம்பும் திசையை ஏறத்தாழ 85 விழுக்காடு தீர்மானிப்பது, மோதும் கணத்தில் கிளப் ஃபேஸ் (பந்தில் படும் முகப்பு) பார்க்கும் திசை. அதன் பிறகு வளைவதோ, ஃபேஸுக்கும் கிளப் வந்த பாதைக்கும் உள்ள வேறுபாட்டால்.

நேராக இடப்பக்கம் கிளம்பி, வளையாமல் அப்படியே போனால் அது புல். பாதையும் இடப்பக்கம், ஃபேஸும் அதே பக்கம். நேராகவோ கொஞ்சம் வலப்பக்கமோ கிளம்பி, பிறகு இடப்பக்கம் வளைந்தால் ஹுக். பாதை வலப்பக்கம் போகிறது, ஃபேஸ் அதைவிட மூடியிருக்கிறது, அதாவது பாதையைவிட இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. இடப்பக்கமே கிளம்பி மேலும் இடப்பக்கம் தாழ்வாக வளைந்தால் புல்-ஹுக். மூன்றிலும் மோசமானது இதுதான். இதற்கு முதலில் ஃபேஸைக் கவனிக்க வேண்டும்.

ஒரே ரகத்தில் ஐந்து பந்துகளை எடுத்து, இரண்டு சுற்றாகப் பத்து முறை அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'கிளம்பியது, முடிந்தது' என்று இரண்டு சொல் எழுதுங்கள். பயிற்சி மைதானத்தில் தரும் தோல் உரிந்த பழைய ரேஞ்ச் பந்துகளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அவை தம் இஷ்டத்துக்கு வளையும். ஃபேஸ் 1 டிகிரி இடப்பக்கம் பார்த்தாலே 200 கெஜத்தில் மூன்றரை கெஜம் தள்ளிப் போகும். 5 டிகிரி என்றால் பதினேழரை கெஜம். ஃபேர்வே என்ற நடுப்பாதையிலிருந்து வெளியே தள்ள அது போதும்.

படி 2: ஃபேஸில் பவுடர்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மாதக்கணக்கில் அலைகிறார்கள். டிரைவர் ஃபேஸைத் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லத் தட்டி அடியுங்கள். பந்து பட்ட இடம் தெளிவாகத் தெரியும். மூன்று அடிக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகப் போடவும். எண்ணெய் கலந்த எதையும் தடவாதீர்கள், பந்து வழுக்கிச் சோதனையே பொய்யாகிவிடும்.

தடம் டோ பக்கமாக, அதாவது கிளப் தலையின் நுனிப் பக்கமாக விழுந்தால், உங்கள் ஹுக்குக்கு ஸ்விங் காரணமாக இல்லாமலே இருக்கலாம். டிரைவரின் ஃபேஸ் வளைந்த வடிவம், எடையோ பின்னால் தள்ளி இருக்கிறது. டோவில் பட்டதும் தலை ஒருபக்கம் சுழல, பந்து பல்சக்கரம்போல் எதிர்ப்பக்கம் சுழன்று இடப்பக்கம் வளையும். இப்படிப்பட்டவர் கிரிப்பை மாற்றினால் நடுவில் பட்ட பந்துகளும் கெட்டுப்போகும்.

டோவில் படுவதற்குப் பெரும்பாலும் காரணம், பந்திலிருந்து அதிகம் தள்ளி நிற்பது, அல்லது அடிக்கும்போது எடை குதிகாலுக்குப் போய் உடல் பின்வாங்குவது. கிரிப்பின் மேல் நுனிக்கும் இடது தொடைக்கும் இடையே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி இருக்கட்டும். பிறகு, கிளப் தலையின் இரு முனைகளுக்கும் வெளியே இரண்டு சென்டிமீட்டர் விட்டு இரண்டு டீயைக் குத்தி வாசல் செய்யுங்கள். பந்து இல்லாமல் இருபது முறை அந்த வாசலுக்குள் வீசிவிட்டு, அப்புறம் பந்தை வையுங்கள்.

நம் பக்கத்துச் செம்மண் வெயிலில் இறுகிவிட்டால் டீ இறங்காமல் உடையும். பையில் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் வைத்துக்கொண்டு முதலில் துளை போடுங்கள். டீ சரியாக இறங்காததால் உயரம் மாறிவிட்டால் மேலே சொன்ன சோதனை எதுவும் நம்பத்தக்கதல்ல. டிரைவரைத் தரையில் வைக்கும்போது பந்தில் பாதி அதன் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும்.

படி 3: குழாய் இரண்டு

அலைன்மென்ட் ஸ்டிக் என்று விற்பதை வாங்க வேண்டியதில்லை. வயரிங் வேலைக்கு விற்கும் 20 மி.மீ. பிவிசி குழாயில் 3 மீட்டர் நீளத்தை இரண்டாக வெட்டினால் போதும். ஒன்றைப் பந்துக்கு அப்பால் இலக்கை நோக்கி வையுங்கள். இன்னொன்றைக் கால்விரல்களை ஒட்டி, அதற்கு இணையாக. ரயில் தண்டவாளம்போல் இணையாக, இரண்டும் ஒரே மரத்தைக் குறிவைக்கக் கூடாது. பிறகு ஒரு குழாயை எடுத்துத் தோள்களுக்குக் குறுக்கே பிடித்துப் பாருங்கள். கால் நேராக இருந்து தோள் மட்டும் இடப்பக்கம் திறந்திருப்பது புல் அடிப்பவர்களிடம் மிகச் சாதாரணம்.

இடப்பக்கம் போகிறதே என்று வலப்பக்கம் திரும்பி நிற்பது ஏன் உதவாது? கண்ணுக்கு இலக்கு எங்கே என்று தெரியும். உடல் வலப்பக்கம் நின்றால் கை தானாக மேலிருந்து குறுக்கே வந்து பந்தை இடப்பக்கம் இழுக்கும். நீங்கள் வலப்பக்கம் திரும்பத் திரும்ப, அந்த இழுப்பும் அதிகமாகும்.

பந்தின் இடம் இடது குதிகாலுக்கு நேரே. அதற்கு முன்னால், பெருவிரலுக்கு நேராகப் போய்விட்டால் கிளப் வளைந்து இடப்பக்கம் திரும்பிய பிறகுதான் பந்தைத் தொடும், புல் வரும். கால்களுக்கு நடுவே பின்னால் வந்துவிட்டால் கிளப் இன்னும் வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும், ஹுக் வரும். கால்விரல் குழாயில் பந்து இருக்க வேண்டிய இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், கண் தினமும் ஏமாற்றும்.

படி 4: கிரிப்

ஹுக்குக்கும் புல்-ஹுக்குக்கும் இது. வெறும் புல் என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

கிளப்பைப் பிடித்துக் குனிந்து பாருங்கள். இடது கையில் எத்தனை விரல் முட்டிகள் தெரிகின்றன? இரண்டு அல்லது இரண்டரை சரி. மூன்றுக்கு மேல் தெரிந்தால் பந்தில் மோதும்போது கை இயல்பு நிலைக்குத் திரும்ப, ஃபேஸ் மூடிக்கொள்ளும். வலக்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள 'V' வலது காதுக்கும் தோளுக்கும் இடையே பார்க்க வேண்டும். தோளுக்கு வெளியே போனால் வலக்கை கிரிப்புக்கு அடியில் நழுவிவிட்டது. இடது கையைத் திருத்திவிட்டு வலக்கையை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

தடுக்கி விழும் இடம் இங்கேதான். கையைத் திருப்பும்போது கிளப்பும் கூடவே திரும்பிவிடும். முட்டி இரண்டுதான் தெரிகிறது, ஆனால் ஃபேஸ் பார்க்கும் திசையும் மாறிவிட்டது, அதனால் பலன் ஏதுமில்லை. 'கிரிப் மாற்றியும் ஒன்றும் ஆகவில்லை' என்கிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். சரியான முறை: கிளப் தலையைத் தரையில் வைத்து ஃபேஸை இலக்குக்கு நேராக்குங்கள். வலக்கையால் கிரிப்புக்குக் கீழே தண்டைப் பிடித்து அசையாமல் நிறுத்துங்கள். இடது கையை முழுவதும் விரித்து எடுத்துவிட்டு, விரல்களின் அடியில் கிளப் படும்படி புதிதாகப் பிடியுங்கள். ஃபேஸ் நகர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் வலக்கையை மேலே கொண்டுவர வேண்டும். கையுறையில் முதல் இரண்டு முட்டிகளின் மேல் மார்க்கரால் புள்ளி வைத்தால் ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டியதில்லை.

ஒரு தடவைக்கு அரை முட்டி அளவுக்கு மேல் மாற்றாதீர்கள். முதல் ஐம்பது பந்துகள் வலப்பக்கம் போகும், பிடித்த கை அந்நியமாகத் தோன்றும். பழைய பிடிக்குத் திரும்பக் கூடாது. கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் ஒன்பது பட்டங்கள் வென்ற அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகனே ஆரம்ப ஆண்டுகளில் ஹுக்கோடு போராடியவர். இடது கையை மெல்ல இடப்பக்கம் திருப்பிப் பிடித்ததும் அவர் கண்ட தீர்வில் ஒரு பகுதி.

படி 5: பாதை

புல் அடிப்பவர், இலக்குக்கு எதிர்த்திசையில் பந்துக்கு ஒரு சாண் பின்னால், உங்கள் காலுக்கு எதிர்ப்புறமாகப் பத்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை வையுங்கள். மேலிருந்து குறுக்கே வரும் கிளப் அதை இடிக்கும். கீழிறங்கும்போது தோள் முதலில் சுழல்வதுதான் காரணம். உச்சியில் ஒரு நொடி நிறுத்தி, இடது பாதத்தில் எடையை ஊன்றி, முதுகு இன்னும் இலக்கைப் பார்த்திருக்கும்போதே கையை இறக்குங்கள். பாதி வேகத்தில் முப்பது பந்து. முழு வேகத்துக்கு அவசரப்பட்டால் பழைய தோள் திரும்பிவரும்.

ஹுக் அடிப்பவர் அதே பாட்டிலைப் பந்துக்குப் பின்னால், தன் பக்கமாக வையுங்கள். மிக உள்ளேயிருந்து வரும் கிளப் இப்போது இடிக்கும். இவருக்கு இடுப்பு நின்றுவிடும், கை மட்டும் புரளும். அடித்து முடிக்கும்போது பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்க வேண்டும், வலது குதிகால் தூக்கியிருக்க வேண்டும். அரை ஸ்விங்கில் அடித்து இடுப்பு உயரத்தில் நிறுத்துங்கள். கிளப்பின் டோ வானத்தைப் பார்த்தால் நல்லது. ஃபேஸ் தரையைப் பார்த்தால் இன்னும் புரள்கிறது. மொபைலை இலக்குக்கு எதிர்த்திசையில் உங்களுக்குப் பின்னால், கை உயரத்தில் நிறுத்தி ஸ்லோ மோஷனில் எடுங்கள். ஸ்விங் உச்சியிலேயே ஃபேஸ் வானத்தைப் பார்த்தால் இடது மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் மடங்கியிருக்கிறது, அதை முதலில் நேராக்க வேண்டும்.

டிரைவர் பற்றி

செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் கிளப் தலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பெயரில் 'டிரா' என்றோ 'D' என்றோ இருந்தால் அது பெரும்பாலும் ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைவது) அடிப்பவர்களுக்காகக் கிளப் தலையின் குதிகால் பக்கம், அதாவது தண்டு சேரும் பக்கம், எடை வைத்துச் செய்தது. உங்களிடம் ஹுக் இருந்தால் அதை விற்றுவிடுங்கள். சாவியால் லாஃப்ட் (ஃபேஸின் சாய்வுக் கோணம்) மாற்றும் டிரைவரில் லாஃப்டைக் கூட்டினால் ஃபேஸ் மூடும், குறைத்தால் திறக்கும். பந்து உயரப் போகட்டும் என்று 12 டிகிரிக்கு ஏற்றி வைத்து ஹுக்கை வளர்ப்பவர்கள் நிறைய. ஆனால் மேலே உள்ள படிகள் முடியும்வரை சாவியைத் தொட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பின்னர் சேர்த்தவை

வாளையார், பொள்ளாச்சி, செட்டிப்பாளையம் பக்கம் ஆடுகிறவர்களுக்கு: ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் காற்று அடிக்கும்போது சோதனை செய்யாதீர்கள். தெற்கே பார்த்து அடித்தால் காற்று வலப்பக்கத்திலிருந்து வந்து நேரான பந்தையும் இடப்பக்கம் தள்ளும். வடக்கே பார்த்த ஹோலில் அதே ஹுக் மறைந்துபோகும். விடியற்காலையில் காற்று எழும் முன் அடித்துக் குறியுங்கள்.

மூணாறு பக்கம் சரிவான டீ பாக்ஸ் (முதல் அடி அடிக்கும் இடம்): பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் இயல்பாகவே இடப்பக்கம் போகும். டீ குறிகளுக்குப் பின்னால் இரண்டு கிளப் நீளம்வரை எங்கும் டீ வைக்க விதி அனுமதிக்கிறது, சமதளம் தேடி வையுங்கள்.

தோப்பில் கிரிக்கெட் வலை கட்டி அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். கிரிக்கெட் வலையின் கண் பெரும்பாலும் 45 மி.மீ.க்கு மேல், கோல்ஃப் பந்தின் குறுக்களவோ 42.67 மி.மீ.தான். பந்து உள்ளே புகுந்து போய்விடும். வலைக்கு ஓர் அடி முன்னால் பழைய பவானி ஜமுக்காளத்தை மேலே மட்டும் கட்டித் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் பந்து உங்கள் மேலேயே திரும்பும். வளைவு தெரியாதுதான், ஆனால் கிளம்பும் திசை தெரியும். பந்திலிருந்து 3 மீட்டர் தூரத்தில் ஜமுக்காளத்தில் இலக்குக்கு நேரே ஒரு கயிறு தொங்கவிடுங்கள். பந்து கயிற்றுக்கு 26 சென்டிமீட்டர் இடப்பக்கம் பட்டால் 5 டிகிரி இடப்பக்கம் கிளம்புகிறது என்று பொருள். அது 10 சென்டிமீட்டருக்குள் வரும்வரை முழு வேகத்துக்குப் போகாதீர்கள்.