கொழுந்துச் சாக்கில் தொடங்கும் உயிரியல்: தரம் 10, 11 பிள்ளைகளுக்கு வீட்டுச் செய்முறை

மாலை வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "தேயிலைக் கொழுந்து நிறைந்த சாக்குக்குள்ள கை விட்டுப் பாத்திருக்கீங்களா?" பாதிப் பேர் கையைத் தூக்குவார்கள். உள்ளே எப்படி இருந்தது என்றால், "சூடா இருந்திச்சு டீச்சர்" என்று பதில் வரும். ஏன் சூடு? வெயில் என்பார்கள். மழைநாளில் பறித்த கொழுந்தும் சூடாகிறதே என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

என் அம்மா கொழுந்து பறித்தவர். சாக்கை நான் காலால் அமுக்கினால் "அமுக்காத, கொழுந்து அவிஞ்சிரும்" என்று சத்தம் போடுவார். அந்த வயதிலேயே சுவாசத்தின் சமன்பாட்டை நான் மனப்பாடம் செய்திருந்தேன். அம்மா சொன்னதும் அந்தச் சமன்பாடும் ஒரே விடயம்தான் என்று தெரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் பிடிக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தேவையானவை: ஒரு பம்பாய் வெங்காயம், பாமசியில் வாங்கும் அயடீன், கைவில்லை, வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு, ஒரு பிடி பயறு, மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் போத்தல், பாண் போடும் ஈஸ்ட், ஒரு பலூன், ஒரு செவ்வரத்தம்பூ, பத்துப் பதினைந்து தேயிலைக் கொழுந்து. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஒரு வாரத்துக்குப் பரப்பிக்கொள்ளுங்கள்.

படி 1: கலத்தைக் கண்ணால் பாருங்கள்

வெங்காயத்தை நான்காக வெட்டி, ஒரு தடித்த இதழைக் கழற்றுங்கள். அதன் உட்புறத்தில் கண்ணாடித் தாள் போல ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். நகத்தால் மெதுவாக உரித்து, ஒரு துண்டைக் கண்ணாடி மேல் மடிப்பு விழாமல் விரியுங்கள். ஒரு துளி அயடீன் விட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கைவில்லையால் பார்த்தால் செங்கல் அடுக்கியது போல் வரிவரியாகக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள்தான் கலச்சுவர். ஒவ்வொரு செங்கலும் ஒரு கலம்.

இன்னும் உள்ளே பார்க்கப் பாடசாலை நுணுக்குக்காட்டி வேண்டும். அதில் வைத்தால் ஒவ்வொரு கலத்திலும் மஞ்சள் பழுப்பாக ஒரு புள்ளி தெரியும். அதுதான் கரு. கலத்தின் பெரும்பகுதி வெறுமையாகத் தெரியும். அங்கே இருப்பது சாறு நிறைந்த புன்வெற்றிடம். ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சையவுருமணியைத் தேடாதீர்கள், வெங்காயக் குமிழ் மண்ணுக்குள் இருப்பது, வெளிச்சம் படாத இடத்தில் அதற்கு வேலையில்லை. சுவாசத்துக்குரிய இழைமணிகள் உள்ளே இருக்கின்றன. ஆனால் அவை மிகச் சிறியவை, இந்த முறையில் தெரியமாட்டா.

1665 இல் ரொபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டதும் இப்படிப்பட்ட அறைகளைத்தான். அவர் கண்டது செத்த கலங்களின் வெற்றுச் சுவர்களை. நீங்கள் பார்ப்பது உயிருள்ள வெங்காயத்திலிருந்து அப்போதுதான் உரித்த இழையம்.

படி 2: கலத்தை உடைத்துப் பாருங்கள்

எனக்கு மிகப் பிடித்த செய்முறை இது. மலையகத்துப் பிள்ளைகளுக்கு இதைச் செய்யக் கிடைக்கும் வசதி கொழும்புப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

அன்று பறித்த கொழுந்தை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, மூன்று பங்காகப் பிரியுங்கள். முதல் பங்கைத் தொடாமல் ஒரு தட்டில் வையுங்கள். இரண்டாவதை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, சாறு கசியும் வரை நன்றாகக் கசக்குங்கள். மூன்றாவதைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ஆறியதும் அதே மாதிரி கசக்குங்கள். மூன்று தட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். நுவரெலியாக் குளிரில் இன்னும் சற்றுக் கூடுதலாக விடலாம்.

முதல் தட்டு பச்சையாகவே இருக்கும். இரண்டாவது செம்பழுப்பாகி, தொழிற்சாலைப் பக்கம் வீசும் வாசம் வரத் தொடங்கும். மூன்றாவது கசங்கியும் சிவக்காது, மங்கிய பச்சையில் நிற்கும்.

காரணம் கலத்தின் அமைப்பில் இருக்கிறது. தேயிலைக்கு நிறமும் துவர்ப்பும் தரும் பொலிபீனோல்கள் புன்வெற்றிடத்துக்குள் இருக்கின்றன. அவற்றை மாற்றும் நொதியமான பொலிபீனோல் ஒட்சிடேசு அதற்கு வெளியே, பெரும்பாலும் பச்சையவுருமணிகளில் இருக்கிறது. இடையில் மென்சவ்வு தடுத்து நிற்கிறது. கசக்கும்போது சவ்வுகள் கிழிந்து இரண்டும் கலக்கின்றன, காற்றின் ஒட்சிசன் சேர்கிறது, இலை சிவக்கிறது. கொதிநீர் பட்ட இலையில் நொதியம் ஏற்கெனவே பழுதாகிவிட்டதால் சவ்வு கிழிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியிலிருந்து வருவது இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலையில் இந்தச் சிவப்பதை 'நொதித்தல்' என்பது பழக்கம். பரீட்சையில் தேயிலையை ஈஸ்டோடு சேர்த்துவிடாதீர்கள். ஈஸ்ட் செய்வது காற்றின்றிய சுவாசம். தேயிலையில் நடப்பது நொதியத்தால் நிகழும் ஒட்சியேற்றம், அதற்கு ஒட்சிசன் கட்டாயம் வேண்டும்.

படி 3: சுண்ணாம்பு நீர் தயாரித்தல்

ஒரு கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு போத்தல் தண்ணீரில் கலக்கி, மூடி, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் மெதுவாக வேறு போத்தலுக்கு ஊற்றி உடனே மூடுங்கள். கண்ணில் பட்டால் எரியும், எனவே தம்பி தங்கச்சிமாரின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கொஞ்சத்தை ஒரு கிளாசில் ஊற்றி, பானக்குழாயால் ஊதுங்கள். உறிஞ்சவே கூடாது. சிறிது நேரத்தில் நீர் பாலாகும். மூச்சில் வெளிவரும் காபனீரொட்சைட்டு, கல்சியம் காபனேற்றாக மாறி மிதக்கிறது. விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் அந்தப் பால்நிறம் திரும்பத் தெளியும். பயப்பட வேண்டாம், மேலும் காபனீரொட்சைட்டு சேர்வதால் அது கரையும் சேர்வையாகிவிடுகிறது.

உள்ளே இழுக்கும் காற்றில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 0.04 சதவீதம், வெளிவிடும் காற்றில் ஏறத்தாழ 4 சதவீதம். ஒட்சிசன் 21 இலிருந்து 16 அளவுக்கு இறங்குகிறது. வெளிவிடும் மூச்சில் ஒட்சிசனே இல்லை என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

படி 4: பயறும் மூச்சுவிடுமா?

ஒரு பிடி பயறை இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைக்க விடுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் பாதியை எடுத்துக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். இரண்டு போத்தலில் தனித்தனியே போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் சுண்ணாம்பு நீர் உள்ள ஒரு சின்ன மூடியை நிமிர்த்தி வைத்து இறுக மூடுங்கள். சில மணி நேரத்தில் உயிருள்ள பயறு இருக்கும் போத்தலில் சுண்ணாம்பு நீரின் மேல் வெள்ளை ஆடை படியும். மற்றதில் அந்த அளவுக்குப் படியாது. அவித்த பயறை ஒரு நாளுக்கு மேல் வைத்தால் அழுகத் தொடங்கும். அழுக வைக்கும் நுண்ணங்கிகளும் சுவாசிக்கும், உங்கள் ஒப்பீடு கெட்டுவிடும்.

பயறுக்கு மூக்கில்லை, நுரையீரல் இல்லை. அப்படியானால் மூச்சுவிடுதல் வேறு, கலச் சுவாசம் வேறு. மூச்சுவிடுதல் காற்றை உள்ளே கொண்டுவந்து வெளியே அனுப்பும் வேலை. கலச் சுவாசம் ஒவ்வொரு உயிர்க்கலத்துக்குள்ளும் நடப்பது: குளுக்கோசும் ஒட்சிசனும் சேர்ந்து காபனீரொட்சைட்டு, நீர், சக்தி. அது குழியவுருவில் தொடங்கி இழைமணியில் முடிகிறது. தாவரம் பகலில் ஒளித்தொகுப்பையும் சுவாசத்தையும் சேர்த்தே செய்கிறது, இரவில் சுவாசம் மட்டும். பகலில் தாவரம் சுவாசிப்பதில்லை என்று எழுதினால் புள்ளி போய்விடும்.

இப்போது சாக்குக்குத் திரும்புவோம். பறித்த இலை உடனே சாவதில்லை, அதன் கலங்கள் சுவாசித்துக்கொண்டே இருக்கின்றன. குளுக்கோசிலிருந்து வரும் சக்தியில் ஒரு பெரும் பங்கு வெப்பமாக வெளியேறுகிறது. செடியில் இருக்கும்போது காற்று அதை எடுத்துப் போய்விடும். அமுக்கிய சாக்கில் போக வழியில்லை. சூடு ஏற ஏறச் சுவாசமும் வேகமாகிறது, இன்னும் சூடு கூடுகிறது. அமுக்கியதில் கசங்கிய இலைகளில் படி 2 இல் கண்டதும் நடந்து கொழுந்து சிவக்கிறது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கைக் கொட்டிக் கிளறிவிடுவதும், தொழிற்சாலையில் வாட்டும் தொட்டிக்கு அடியிலிருந்து காற்றடிப்பதும் சும்மா இல்லை. அம்மா சொன்ன 'அவிஞ்சிரும்' என்ற ஒரு சொல்லுக்குள் இந்த அலகு முழுக்க இருக்கிறது.

படி 5: காற்றில்லாமல்

வெதுவெதுப்பான நீரில் இரண்டு கரண்டி சீனியும் ஒரு கரண்டி ஈஸ்டும் கலந்து போத்தலில் ஊற்றி, வாயில் பலூனை மாட்டுங்கள். குளிர் நாளில் போத்தலைச் சுடுநீர்ச் சட்டியில் நிறுத்துங்கள். கை பொறுக்காத சூடு என்றால் ஈஸ்ட் செத்துவிடும். பலூனை நிரப்புவது காபனீரொட்சைட்டு. கூடவே எதனோலும் உண்டாகிறது.

சாக்கோடு மேட்டில் ஓடினால் நம் தசையும் காற்றின்றிச் சுவாசிக்கும். ஆனால் அங்கே வருவது இலற்றிக் அமிலம் மட்டும், காபனீரொட்சைட்டு வராது. இந்த வித்தியாசத்தைக் கொப்பியில் சிவப்பு மையால் எழுதுங்கள்.

படி 6: பூவும் வெட்டுத்துண்டும்

செவ்வரத்தம்பூவின் புல்லியையும் அல்லியையும் கழற்றினால் நடுவே ஒரு குழாய் மிஞ்சும். அதன் மேல் மஞ்சள் மணிகளாக மகரந்தக்கூடுகள், உச்சியில் ஐந்து சிவந்த குறிகள். அடியில் பருத்த சூலகத்தை பிளேட்டால் நீளவாக்கில் பிளந்தால் வெள்ளைச் சூல்வித்துகள் தெரியும். குறியில் விழுந்த மகரந்தமணி ஒரு குழாயை வளர்த்துச் சூல்வித்து வரை போகிறது. கருக்கட்டியதும் சூல்வித்து வித்தாகும், சூலகம் பழமாகும்.

கிளைகளைக் கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலையில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் அதையும் பிரித்துப் பாருங்கள். தேயிலை பெரும்பாலும் அயல் மகரந்தச்சேர்க்கையால் காய்ப்பது. அதனால்தான் பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இல்லை, இலையின் பருமனும் நிறமும் மாறும். வி.பி. (வெட்டுத்துண்டில் வளர்த்த) தேயிலை மலையில் எல்லாம் ஒரே அச்சு. ஒரு இலையும் ஒரு கணுவும் உள்ள தண்டுத் துண்டை நாற்றுமேடையில் பொலித்தீன் பையில் ஊன்றி வளர்த்தவை அவை, நிறமூர்த்த எண்ணிக்கை மாறாத இழையுருப் பிரிவால் மட்டும் பெருகியவை. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.ஆர்.ஐ. 2025 (இது இனத்தின் எண், ஆண்டு அல்ல) போன்ற இனங்கள் இப்படித்தான் மலை மலையாகப் பரவின. விளைச்சல் ஒரே சீராக இருக்கும். ஆனால் ஒரு நோயை ஒரு செடி தாங்காவிட்டால் பக்கத்துச் செடியும் தாங்காது.

படி 7: எல்லோரும் தாண்டிவிடும் பக்கம்

மனித இனப்பெருக்கம் வந்ததும் 'வீட்டில் வாசியுங்கள்' என்று விட்டுவிடுகிற வகுப்புகள் உண்டு. நான் படித்ததும் அப்படித்தான். மாதவிடாய் வந்தபோது எனக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளில்லை. தயவுசெய்து அந்தப் பக்கத்தைத் தாண்டாதீர்கள்.

உடற்கலம் ஒவ்வொன்றிலும் 46 நிறமூர்த்தங்கள். இந்த எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவால் உண்டாகும் விந்தில் 23, முட்டையில் 23. இரண்டும் சேர்ந்தால் மீண்டும் 46. முட்டை எப்போதும் எக்ஸ் நிறமூர்த்தத்தையே கொண்டுவரும். விந்துகளில் பாதி எக்ஸ், பாதி வை.

கொப்பியில் நாலு கட்டம் போடுங்கள். மேலே அம்மாவுக்கு எக்ஸ், எக்ஸ். பக்கத்தில் அப்பாவுக்கு எக்ஸ், வை. நாலையும் நிரப்பினால் இரண்டு பெண், இரண்டு ஆண். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாராவது "மூணும் பொம்பளப் புள்ள" என்று ஒரு தாயை ஏசுவதைக் கேட்டால், கொப்பியைக் கொண்டுபோய் அந்த நாலு கட்டத்தையும் காட்டி, வை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று விரல் வைத்துச் சொல்லுங்கள்.