வெள்ளத் தணிப்பு நிதி வந்தால் முதலில் டேப்பை எடுங்கள்

15-வது நிதிக்குழு ஏழு பெருநகரங்களின் வெள்ளத் தணிப்புக்கு 2,500 கோடி ரூபாய் ஒதுக்கப் பரிந்துரைத்தது. அதில் சென்னையின் பங்கு 500 கோடி. பெரிய தொகைதான். ஆனால் 200 வார்டுக்கும் சமமாகப் பிரித்தால் வார்டுக்கு இரண்டரை கோடி. எங்கும் தண்ணீர் வடியாது.

மழைநீர் வடிகால் வேலையில் காலம் தள்ளியவன் நான். மதிப்பீடு போடுமுன் மழையில் இறங்கி நடப்பேன். சுவரில் 2015 வெள்ளக் கறை இருந்தால் டேப் வைத்து அளப்பேன். அந்த வீட்டுப் பாட்டியிடம் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை நாள் நின்றது என்று கேட்பேன். பாட்டிகள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

சரி, எங்கே தொடங்குவது? கடைசியிலிருந்து. ஆற்றிலோ கால்வாயிலோ சேரும் வாயை முதலில் அகலப்படுத்துங்கள், தெரு அப்புறம். ஒரு தெருவில் புது வடிகால் கட்டினோம். அது போய்ச் சேரும் பழைய கல்வெர்ட்டில், அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலத்தில், பாதி மண். முதல் மழைக்கே தண்ணீர் எதிர்த்து வந்து வீடுகளுக்குள் நுழைந்தது. திட்டு எனக்குத்தான்.

தூர்வாரும் கூலியை இந்த நிதியில் எழுதாதீர்கள். அது வருடா வருடம் வரும் செலவு, இது ஒருமுறை வரும் பணம். ஐப்பசிக்குள் முடியாத பள்ளத்தைத் தை பிறந்தபின் தோண்டுங்கள்.