ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு நாள்: முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றுக்கு முதன்முறையாகச் செல்லத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் அருவி, காட்சிமுனை, பழைய பாலம், கோட்டை, படகுத்துறை என்று பார்க்கவேண்டிய இடங்களை எழுதிக்கொண்டு, அவற்றை எந்த வரிசையில் பார்த்து முடிப்பது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் என் முதல் பயணத்தை அப்படித்தான் திட்டமிட்டேன். ஒரே நாளில் 5 இடங்கள் என்று எழுதிவைத்திருந்ததில் இரண்டைத்தான் பார்க்க முடிந்தது. மூன்றாவது இடமான கோட்டை எதிர்க்கரையில் கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. ஆனால் ஆற்றைக் கடப்பதற்கான பாலம் ஏறக்குறைய 15 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்ததால், நாங்கள் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பள்ளத்தாக்கில் சாலையும் பாதையும் நேரமும் ஆற்றுக்குக் கட்டுப்பட்டவை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஆகவே இந்த விளக்கம் ஆற்றிலிருந்து தொடங்குகிறது. இடங்கள் அதற்குப் பிறகுதான்.

படி 1: வரைபடத்தில் ஆற்றைப் பின்தொடருங்கள்

கைப்பேசியில் உள்ள சாலை வரைபடம் இதற்குப் போதாது. சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடம் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். 1:50,000 என்ற அளவையில் அமைந்த வரைபடமானால் அதில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். கோடுகள் நெருங்கியிருந்தால் அங்கே சரிவு செங்குத்தானது, விலகியிருந்தால் தரை ஏறக்குறைய சமதளம். உயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் அம்புமுனைபோல வளைந்திருக்கும். அந்த முனை எப்போதும் நீர் வரும் திசையையே காட்டும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால், ஆறு எந்தப் பக்கம் பாய்கிறது என்பதை வரைபடத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

அடுத்ததாகப் பாலங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இடக்கரை, வலக்கரை என்று வழிகாட்டிப் பலகைகளில் எழுதியிருப்பது, நீர் பாயும் திசையைப் பார்த்து நிற்பவரின் இடமும் வலமும் ஆகும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு எதிர்க்கரைக்குப் போய்ச் சேருபவர்களை நான் ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன்.

படி 2: ஒரு கரையை மட்டும் தேர்ந்தெடுங்கள்

ஒரு நாளைக்கு ஒரு கரை, அந்தக் கரையில் ஏழெட்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி, அதற்குள் முக்கியமான இடம் ஒன்று, வழியில் பார்ப்பதற்கு மற்றொன்று என்ற அளவே சரியானது என்பது என் உறுதியான கருத்து. மேல்பகுதியில் ஆறு குறுகி, பாறைகளுக்கிடையே விழுந்து ஓடுவதால் அருவிகளும் இடுக்குகளும் அங்கே கிடைக்கும். கீழே வரவரப் பள்ளத்தாக்கு அகன்று, ஆறு வளைந்து வளைந்து செல்வதால் மணல்திட்டுகளும் நாணல் புதர்களும் பறவைகளும் அங்கே மிகுதி. ஊர்கள் பெரும்பாலும் வெள்ளம் எட்டாத சற்று மேடான படிகளில் அமைந்திருக்கும். இவற்றுள் உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டால், எந்தப் பகுதிக்குச் செல்லவேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடும். நடைப்பயணமாக இருந்தால், காலையில் நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கிச் சென்று, களைப்பு கூடிய மாலையில் இறக்கத்தில் திரும்புவது நல்லது.

படி 3: நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் கூறிய எளிய கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம் என்பதே அது. 9 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இதன்படி சுமார் 2 மணி 20 நிமிடம் ஆகும். ஆனால் இது ஓய்வின்றி நடக்கும் பழகிய கால்களுக்கான கணக்கு. குழந்தைகளும் முதியவர்களும் உடன் வந்தால் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பாதை மூன்றரை மணி நேரமாகிவிடும், உட்கார்ந்து இளைப்பாறும் நேரம் இதில் சேராது.

பள்ளத்தாக்கில் பகல் குறுகியது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். வடக்குத் தெற்காக நீளும் பள்ளத்தாக்கில் கிழக்கு மலை காலை வெயிலையும் மேற்கு மலை மாலை வெயிலையும் மறைத்துக்கொள்வதால், அடிவாரத்தில் வெளிச்சம் தாமதமாக வந்து சீக்கிரமாகப் போய்விடும். மேலும், தெளிவான இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவுகளிலிருந்து இறங்கிக் கீழே தேங்குவதால், விடியற்காலையில் பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி நிற்பதுண்டு. அந்த நேரத்தில் ஆற்றங்கரையில் எதுவும் தெரியாது; ஆனால் உயரமான காட்சிமுனையில் நிற்பவருக்குக் கீழே வெண்மேகக் கடல் ஒன்று விரிந்திருக்கும். எனவே காட்சிமுனையை விடியலுக்கும் ஆற்றங்கரையை வெயில் ஏறிய பிறகும் ஒதுக்குங்கள்.

கடைசியாக, திரும்பும் நேரம் ஒன்றை முன்கூட்டியே எழுதிவையுங்கள். சென்று சேரவேண்டிய இடம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும், அந்த நேரம் வந்துவிட்டால் திரும்பிவிடவேண்டும்.

படி 4: முந்தைய இரவில் செய்யவேண்டியவை

நீங்கள் செல்லும் இடத்தின் வானிலையை மட்டும் பார்ப்பது போதாது. ஆறு உற்பத்தியாகும் மலைப்பகுதியில் மழை பெய்கிறதா, மேலே அணை இருந்தால் அதிலிருந்து நீர் திறக்கப்படுகிறதா என்பதைக் கேட்டறியுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. ஆகையால் வரைபடத்தை முன்பே பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். சிக்னலைத் தேடித்தேடியே கைப்பேசியின் சார்ஜ் தீர்ந்துவிடும் என்பதால் அதை விமானப் பயன்முறையில் வைப்பது நல்லது. அப்போதும் உங்கள் இருப்பிடத்தை ஜிபிஎஸ் காட்டும். நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருவருக்கு அரை லிட்டர் குடிநீர், மாற்றுக் காலுறை, டார்ச் விளக்கு, முதலுதவிப் பை ஆகியவை போதும். எந்தக் கரையில், எதுவரை செல்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை உடன் வராத ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

படி 5: கரையில் முதல் அரை மணி நேரம்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் மற்ற எல்லாப் படிகளையும்விட முக்கியமானது இதுவே. ஆற்றங்கரைக்கு வந்தவுடன் தண்ணீரில் இறங்காமல், முதலில் கரையில் நின்று பாருங்கள். மரக்கிளைகளில் காய்ந்த புல்லும் சருகும் குப்பையும் சிக்கித் தொங்குகின்றனவா? அவை தொங்கும் உயரம்தான் முன்பு வெள்ளம் தொட்ட உயரம். அந்தக் குப்பை உங்கள் தலைக்கு மேலே இருந்தால், நீங்கள் நிற்கும் இடம் ஆற்றுக்குச் சொந்தமானது என்று பொருள். பொருட்களை அங்கே விரித்துவைக்காமல் மேட்டுக்குச் செல்லுங்கள்.

பிறகு, தண்ணீரின் விளிம்பில் பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் இருக்குமாறு ஒரு கல்லை வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒருமுறை நாங்கள் தெளிந்த வானத்தின் கீழே, ஒரு துளி மழையும் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தபோது, வைத்த கல் முழுவதுமாக மூழ்கியிருந்ததை என் மகள்தான் முதலில் கவனித்தாள். அடுத்துத் தண்ணீர் செம்மண் நிறமானது. சுள்ளிகளும் பச்சை இலைகளும் மிதந்து வந்தன. அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த ஆற்றின் ஓசை தடித்து ஒலித்தது. நாங்கள் மேலேறிய சிறிது நேரத்தில், உட்கார்ந்திருந்த பாறையைக் காணவில்லை. மேலே எங்கோ பெய்த மழை அது. நீர்மட்டம் ஏறுதல், நிறம் மாறுதல், இலை சுள்ளி வருதல், ஓசை மாறுதல் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் உடனே மேடேறவேண்டும்.

இறங்குவதற்கு முன் சிறு குச்சி ஒன்றை நீரோட்டத்தில் எறிந்து, அதோடு கரையில் நடந்து பாருங்கள். உங்கள் நடையைவிடக் குச்சி வேகமாகச் சென்றால் இறங்கவேண்டாம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் முழங்காலளவு நீர்கூட ஒருவரைச் சாய்த்துவிடுகிறது. வளைவுகளில் வெளிப்பக்கக் கரையை ஆறு அரித்துக்கொண்டே இருப்பதால் அங்கே ஆழமும் வேகமும் அதிகம். மேலே புல் வளர்ந்து உறுதியாகத் தெரியும் கரை, அடியில் குடைந்து வெறுமையாக இருக்கக்கூடும். உட்பக்கத்தில் மணலும் கூழாங்கற்களும் படிந்து ஆழம் குறைந்திருக்கும். கால் நனைக்க விரும்பும் குழந்தைகளை, ஓட்டம் மெதுவாக இருந்தால் மட்டும், உட்பக்கத் திட்டின் ஓரத்துக்கு அழைத்துச் சென்று, கைக்கெட்டும் தூரத்திலேயே நில்லுங்கள்.

படி 6: தடுப்பணையும் அருவியும்

தடுப்பணையில் குளிப்பதை அறவே தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சுவரைத் தாண்டி விழும் நீர் அடியில் சென்று மேலெழும்பி, மேற்பரப்பில் மீண்டும் சுவரை நோக்கியே உருண்டு வருகிறது. சுவரின் அடியில் ஒரு மரக்கட்டையோ பாட்டிலோ அகப்பட்டிருந்தால் கவனித்துப் பாருங்கள். அது நீரோடு போகாமல் அதே இடத்தில் மூழ்கியும் எழுந்தும் உருண்டுகொண்டே இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அங்கே அதுதான் நேரும். உயரம் குறைவாகவும் காட்சி அமைதியாகவும் இருப்பதே அதன் ஆபத்து.

அருவியை மழை விட்ட பின் ஓரிரு நாள் கழித்துப் பார்ப்பது நல்லது. நீரும் குறையாது, ஓட்டமும் தெளிந்திருக்கும். உச்சிப் பாறைகளில் பாசி வழுக்கும். அங்கே நின்று படம் எடுக்கவேண்டாம்.

படி 7: நின்று பார்க்கவேண்டியவை

பழைய கல் பாலம் கிடைத்தால் அதன்மேல் நடப்பதோடு நின்றுவிடாமல், கீழிறங்கித் தூண்களைப் பாருங்கள். நீர் வரும் பக்கத்தில் தூண் கப்பலின் முகப்புபோலக் கூர்மையாகச் செதுக்கப்பட்டிருக்கும். நீரைக் கிழித்து இருபுறமும் அனுப்பவும், வெள்ளத்தில் வரும் மரங்கள் மோதி நிற்காமல் விலகிச் செல்லவும் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

ஓரத்தில், ஆழமில்லாத இடத்தில், கையகலக் கல் ஒன்றை மெதுவாகப் புரட்டுங்கள். அடிப்பக்கத்தில் தட்டையான சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று வால் இழைகளும், வயிற்றின் இருபுறமும் துடிக்கும் செவுள்களும் இருந்தால் அது பெரும்பாலும் மேஃப்ளை பூச்சியின் இளம்பருவம். இரண்டு வால் இழைகள் இருந்தால் ஸ்டோன்ஃப்ளை என்ற மற்றொரு பூச்சியின் இளம்பருவமாக இருக்கலாம். இவற்றில் பலவற்றுக்கு ஆக்சிஜன் நிறைந்த தூய நீர் தேவை என்பதால், இவை மிகுதியாக இருப்பது ஆறு நலமாக இருப்பதற்கான நல்ல அறிகுறி. ஆனாலும் அந்த நீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக்கூடாது. பார்த்து முடித்ததும் கல்லை முன்பிருந்தபடியே கவிழ்த்து வையுங்கள். அது அவற்றின் கூரை.

செங்குத்தான மண் கரையில் துளையும் அதற்குக் கீழே வெள்ளை எச்சமும் தெரிந்தால், அது மீன்கொத்தியின் வளையாக இருக்கலாம். தொலைவிலேயே உட்கார்ந்து, பைனாகுலரில் காத்திருங்கள். மீனோடு வரும் பறவையின் அலகைப் பாருங்கள்: தான் விழுங்குவதானால் மீனின் தலை உள்நோக்கி இருக்கும், குஞ்சுக்கு ஊட்டுவதானால் தலை வெளிநோக்கி இருக்கும். வெளிநோக்கி இருந்தால் வளைக்குள் குஞ்சுகள் காத்திருக்கக்கூடும். நீங்கள் இன்னும் சற்றுப் பின்வாங்கவேண்டும்.

படி 8: கிளம்பும்போது

கொண்டுவந்த எல்லாவற்றையும், பழத்தோல் உட்பட, திரும்ப எடுத்துச் செல்லுங்கள். சோப்பு, ஷாம்பு எதையும் ஆற்றில் பயன்படுத்தவேண்டாம். இயற்கை உபாதைக்கு ஒதுங்குவதானால் நீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் விலகிச் சென்று, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடிவிடுங்கள். விளிம்பில் வைத்த கல்லைக் கடைசியாக ஒருமுறை பார்த்து, நீர் ஏறியதா இறங்கியதா என்பதைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே கரைக்கு வரும்போது முதலில் திறக்கவேண்டிய பக்கம் அதுதான்.