ஊருக்குள் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம்: தொடங்குவது எப்படி

கும்மிடிப்பூண்டி தாண்டி ஆரம்பாக்கம் வரைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சுற்று போய்ப் பாருங்கள். பெட்டிக்கடை ஓரம், ரயில்வே கேட், ஹைவே பாலத்துக்கு அடியில் என்று எங்கே பார்த்தாலும் பையன்கள்தான். அப்பாவும் அம்மாவும் சிப்காட்டிலோ, எல்லை தாண்டி ஆந்திராவில் இருக்கிற தடா பக்கத்துக் கம்பெனியிலோ ஷிப்ட்டில் இருப்பார்கள், வீட்டில் ஆள் இருக்காது, கஞ்சா விற்கிறவனுக்கும் அந்த நேரம் நன்றாகத் தெரியும். ஆறிலிருந்து எட்டு வரைக்குமான அந்த இரண்டு மணி நேரம்தான் நமக்கு வேண்டியது.

பயிற்சி தொடங்கணும் என்று கேட்டு வருகிறவர்கள் இடத்தையும் பணத்தையும் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். வாரத்துக்கு ஆறு நாள் அதே நேரத்தில் கதவைத் திறக்க முடியுமா என்பதுதான் என்னுடைய முதல் கேள்வி. முடியாதென்றால் தொடங்காதீர்கள். இரண்டு நாள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பின பையன் மூன்றாம் நாள் பாலத்தடிக்கே போய்விடுவான்.

சொல்லித்தர ஆள் வேண்டும், செல்போன் வீடியோ பார்த்துக் கற்றுக்கொடுக்கிற விஷயம் இல்லை இது. நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு, மின்சார ரயில் ஏறினால் வடசென்னை. பரம்பரை பரம்பரையாகக் கிளவுஸ் போட்ட ஊர் அது. 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய வி. தேவராஜன் சென்னைக்காரர்தான். மாநில அளவில் ஆடி ஓய்ந்த ஒருவரை வாரம் இரண்டு நாள் கூட்டி வந்தால் போதும், மற்ற நாட்களில் அவர் கொடுத்த பாடத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

ரிங்குக்கு அலையவே வேண்டாம். போட்டி ரிங் கயிற்றுக்குள் 6.1 மீட்டர் சதுரம், அதைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டால் சரி. மூடிப்போன ரைஸ்மில் குடோன், கூரையும் லைட்டும் இருக்கிற எந்த ஷெட்டும் ஆகும். ஆனால் வெறும் சிமெண்ட் தரையில் விட்டுவிடாதீர்கள், விழுந்தால் பின்மண்டைதான் அடிபடும். மாட்டுக் கொட்டகையில் போடுகிற ரப்பர் பாய் வாங்கி விரியுங்கள், கனமாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். குத்திப் பழகுகிற பேக்கை நாமே செய்யலாம். கெட்டியான தார்ப்பாய்ப் பையில் பழைய துணியைக் கிழித்து இறுக்கி அடையுங்கள். மணலை மட்டும் கொட்டினால் நாலு நாளில் கீழே இறங்கிக் கல்லாகிவிடும், பையனின் மணிக்கட்டு போய்விடும்.

செலவு செய்யவேண்டியது கிளவுஸ், ஹெட்கார்டு, மவுத்கார்டு, கிளவுஸுக்குள் கையில் சுற்றுகிற பேண்டேஜ். ஸ்பாரிங்குக்கு, அதாவது இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆடிப் பழகுவதற்கு, 14 அல்லது 16 அவுன்ஸ் கிளவுஸ், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மவுத்கார்டும் பேண்டேஜும் ஆளுக்கு ஒன்று தனியாக இருக்கணும். கிளவுஸை மாற்றி மாற்றிப் போட்டால் கையில் படை வரும், தினமும் உள்ளே பழைய பேப்பரைத் திணித்துக் காய வையுங்கள்.

முதல் வாரம் முழுக்கப் பேண்டேஜ் கட்டத்தான் சொல்லித்தருவேன். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டி மேல் மூன்று சுற்று, அப்புறம் விரல் இடுக்குகளில் விட்டு வாங்கித் திரும்ப மணிக்கட்டில் முடிக்கணும். அவசரப்பட்டால் கழன்றுவிடும், அவிழ்த்து முதலிலிருந்து கட்டணும். தெருவில் பார்த்தவுடன் கை நீட்டுகிற பையன் இங்கே பத்து நிமிஷம் தலை குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு நிறைந்துதான் போகிறது.

முதல் மூன்று மாதம் ஸ்கிப்பிங், கால் அசைவு, ஜாப் (முன்கையால் நேராக விடுகிற குத்து), கார்டு (கையை உயர்த்தி முகத்தைக் காப்பது), இவ்வளவுதான். ஒருவர் முகத்தை ஒருவர் தொடக்கூடாது. பாக்கோ பீடியோ போடுகிறவன் மூன்று நிமிஷ ஸ்கிப்பிங்கிலேயே மூச்சு வாங்கி மாட்டிக்கொள்வான், அவனைத் துரத்தாதீர்கள், அவனுக்காகத்தானே கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், "கை மேல" என்று சொல்லிவிட்டுக் கூடவே "சேதுலு பைகி" என்றும் சொல்லிவிடுங்கள்.

ஸ்பாரிங் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும். எடையும் வயசும் அனுபவமும் ஒத்த ஜோடியாகப் பாருங்கள், தலைக்கு வருகிற அடியை எண்ணிக்கொண்டே இருங்கள். ஆரம்பத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். கெஞ்சினான் என்று ஒரு பையனை ஆறாவது வாரமே இறக்கிவிட்டேன். காதோரம் ஒரு அடி வாங்கினான், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான், ராத்திரி இரண்டு தடவை வாந்தி. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம், நல்லவேளையாகத் தேறிவிட்டான். மறுநாள் அவன் அம்மா வாசலில் நின்று, "உன்னை நம்பித்தானேப்பா அனுப்பினேன்" என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னிடம் இருக்கிறது. தலையில் அடிபட்டுத் தடுமாறினால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், வாந்தியோ மயக்கமோ தலைவலியோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. நாக்அவுட் ஆனவனுக்குக் குறைந்தது 30 நாள் ரிங்கும் கிடையாது, ஸ்பாரிங்கும் கிடையாது, அவன் என்ன கெஞ்சினாலும் சரி.

பெண் பிள்ளைகளுக்கும் இடம் வையுங்கள், முடிந்தால் கூட ஒரு பெண் பயிற்சியாளர், இல்லாவிட்டால் யாராவது ஓர் அம்மா வந்து உட்காரட்டும். அசாம் பெண் லோவ்லினா டோக்கியோ ஒலிம்பிக் குத்துச்சண்டையில் வெண்கலம் வாங்கியதைச் சொன்னால் வீட்டில் கொஞ்சம் இளகுவார்கள்.

போட்டி என்று வரும்போது எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வீடு ஆரம்பாக்கத்தில், பள்ளிக்கூடம் தடாவில், ஆதார் பாட்டி வீட்டு முகவரியில் என்று பிள்ளைகள் இருப்பார்கள். எந்த மாநிலத்துக்கு ஆடப்போகிறான் என்பதைச் சேரும்போதே முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். போட்டிக்கு முந்தின வாரம் அலைந்தால் நடக்காது. பெரியவர்களுக்கு மூன்று நிமிஷ ரவுண்டு மூன்று, 15, 16 வயசுக்காரர்களுக்கு இரண்டு நிமிஷ ரவுண்டு. எடைக்காகப் பட்டினி போடுவது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது எல்லாம் வளர்கிற பிள்ளைக்கு ஆகாது, ஒரு எடைப் பிரிவு மேலேயே ஆடட்டும்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வருகைப் பதிவு எழுதுங்கள். ஒரு பெயருக்கு நேராக இரண்டு நாள் டிக் விழவில்லையென்றால் மூன்றாம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போங்கள், ஷிப்ட் முடிந்து அம்மா வருகிறவரைக்கும் திண்ணையில் காத்திருக்கவேண்டி வந்தாலும் சரி.