ரோம் பயணத் திட்டம்: 'வாடிகன்' என்று ஒரே வரியில் எழுதி வைக்காதீர்கள்

பாஸ்போர்ட் காலாவதி, குளிருக்கு ஸ்வெட்டர், பையில் பிளக் அடாப்டர். இவற்றை யாரும் சொல்வார்கள். ரோமில் காசும் நாளும் போவது வேறு இடத்தில், கீழே உள்ள தவறுகளில்.

வாடிகனை ஒரே இடம் என்று நினைப்பது

முதல் முறை போகிறவர்களின் அட்டவணையில் 'ஞாயிறு காலை: வாடிகன்' என்றிருக்கும். எத்தனை முறை சொன்னாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு, பேராலயமும் அருங்காட்சியகமும். வாசலும் இரண்டு. புனித பேதுரு பேராலயத்துக்குக் கட்டணமில்லை. அதன் முன்னுள்ள சதுக்கத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நின்றால் போதும். மைக்கலாஞ்சலோவின் கூரை ஓவியங்கள் உள்ள சிஸ்டைன் சிற்றாலயம் பேராலயத்தில் இல்லை, வாடிகன் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. அதற்கு நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். அதன் வாசல் வடக்கு மதிலை ஒட்டிய வியாலே வத்திகானோ சாலையில். சதுக்கத்திலிருந்து மதிலைச் சுற்றி நடக்கக் கால் மணி நேரம் ஆகும்.

ஒன்பதரை மணி அருங்காட்சியக டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சதுக்கத்து வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கும் குடும்பத்தை எந்த நாளும் பார்க்கலாம். சோதனை வாயிலில்தான் விஷயம் தெரியவரும். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். டிக்கெட் பணமோ திரும்பாது.

கிழமையும் முக்கியம். அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள், அன்று இலவசம், மதியம் 12.30க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், வரிசை மதிலோடு வளைந்து போகும். இலவசம் என்று அந்த நாளைத் தேடிப் பிடிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். போப் ரோமில் இருந்தால் புதன் காலை பொதுச் சந்திப்பு. அது முடியும்வரை பேராலயத்துக்குள் போக முடியாது. ஆகவே செவ்வாய், வியாழன், வெள்ளியில் ஒன்றை முதலில் வாடிகனுக்கு ஒதுக்கிவிட்டு மற்ற இடங்களை அதைச் சுற்றி அடுக்குங்கள். டிக்கெட்டை அதிகாரபூர்வ வலைத்தளத்தில் எடுங்கள். ஒத்தாவியானோ மெட்ரோ நிலையத்தில் இறங்கியதும் 'வரிசையே இல்லை' என்று கூவி விற்பவர்களிடம் வேண்டாம்.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஆண்களுக்கும்தான்.

கொலோசியத்துக்கு நேரில் போய் டிக்கெட் வாங்குவது

டிக்கெட்டில் பெயர் இருக்கும், அடையாள அட்டை கேட்பார்கள். விற்பனை சுமார் 30 நாள் முன்பே தொடங்கிவிடும். பக்கத்தில் உள்ள பழைய ரோமின் இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் பலத்தீன் குன்றும் அதே டிக்கெட்டில் அடங்கும். கொலோசியத்தின் நிலவறைக்குத் தனி டிக்கெட்.

திங்கட்கிழமை போர்கேஸே கலைக் காட்சியகத்துக்குப் போவது

விடுமுறை. மற்ற நாளிலும் முன்பதிவு வேண்டும். உள்ளே இருக்க இரண்டு மணி நேரம்தான்.

பஸ் டிக்கெட்டைப் பையிலேயே வைத்திருப்பது

காகித டிக்கெட்டை வண்டியில் ஏறியதும் இயந்திரத்தில் செருகி முத்திரையிட வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியும் அபராதம்.

காபிக்கு மேசை தேடுவது

கவுன்டரில் நின்று குடியுங்கள். உட்கார்ந்தால் விலை ஏறும்.

பாட்டில் தண்ணீர் வாங்குவது

தெருவில் ஓயாமல் கொட்டும் 'நசோனே' குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. கீழ் முனையை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகப் பீறிடும். அதில் வாய் வைக்காமல் குடிக்கலாம்.