பக்கவாத நோயாளியை வார்டிலிருந்து வீடு சேர்ப்பது எப்படி: புதிய கேஸ் மேனேஜர்களுக்குப் படிப்படியான விளக்கம்

மருத்துவமனையில் நோயாளியின் சிகிச்சை, டிஸ்சார்ஜ் ஏற்பாடுகளை ஒருங்கிணைக்கும் கேஸ் மேனேஜராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் காகித வேலைதான். காப்பீட்டு ஒப்புதல், பில், படுக்கை எப்போது காலியாகும் என்ற கணக்கு. அதெல்லாம் தேவைதான். ஆனால் நோயாளிக்கு ஆபத்து வருவது வீட்டுக்குப் போன முதல் சில நாட்களில். மாத்திரை மாறிப்போவதும், மூக்கு டியூப் கழன்று வருவதும், முதுகில் புண் தொடங்குவதும் அப்போதுதான். வார்டில் மூன்று ஷிப்டிலும் பலர் சேர்ந்து பார்த்த வேலை முழுவதும் ஒரே நாளில் வீட்டில் ஒருவர் தலையில் விழுகிறது. அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடித்து, அவரைத் தயார் செய்து அனுப்புவதுதான் நம் வேலையில் முக்கியமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விளக்க வசதிக்காக ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கும் 62 வயதுக்காரர். ஏற்கெனவே சுகரும் பிரஷரும் உண்டு. இப்போது பக்கவாதம் வந்து வலது கை, கால் செயலிழந்துவிட்டது. பேச்சு வரவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு போகும் ரைல்ஸ் டியூப், கூடவே யூரின் டியூப். மனைவி இருக்கிறார். மகன் சென்னையில் வேலை பார்க்கிறார், மருமகள் ஊரில் கைக்குழந்தையுடன் இருக்கிறார்.

படி 1: டிஸ்சார்ஜ் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள்

நோயாளி ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாறியதும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். டாக்டர் காலை ரவுண்ட்ஸில் "நாளைக்கு அனுப்பிடலாம்" என்று சொன்ன பிறகு தொடங்கினால், சொல்லித்தர அரை நாள்கூடக் கிடைக்காது.

நோயாளியால் இப்போது என்னென்ன முடிகிறது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பார்த்தல் குறியீடு (Barthel Index) என்ற அளவுகோல் இதற்கு உதவும். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படி ஏறுவது போன்ற பத்து வேலைகளுக்கு மதிப்பெண் போட்டு, மொத்தம் நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லும். இதை பிசியோதெரபிஸ்டுடன் சேர்ந்து போடுங்கள். மொத்த மதிப்பெண்ணைவிட எந்தெந்த வேலையில் சுழியம் விழுந்தது என்பதுதான் நமக்கு வேண்டும். அந்த வேலை ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஓர் ஆள் தேவைப்படும்.

இன்னொன்று. வலது கை, கால் செயலிழந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போவது அதிகம், ஏனென்றால் பெரும்பாலானோருக்கு மொழியைக் கையாளும் பகுதி மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. பேசவில்லை என்பதற்காக அவருக்கு எதுவும் புரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கட்டிலுக்கு முன்னால் நின்று, முகம் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று தலையாட்டக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள். "ஐயா, வீட்டுக்குப் போகணும்னு இருக்கா?" அவர் வாழ்க்கையைப் பற்றிய ஏற்பாட்டை அவர் தலைக்கு மேலே மற்றவர்களோடு மட்டும் பேசி முடிப்பது அநியாயம்.

படி 2: கையெழுத்துப் போடுபவர் வேறு, பார்த்துக்கொள்பவர் வேறு

டாக்டரிடம் பேசுவது, படிவத்தில் கையெழுத்துப் போடுவது, பணம் கட்டுவது எல்லாம் மகன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவர் சென்னைக்குப் பஸ் ஏறிவிடுவார். அப்புறம் டியூபில் கஞ்சி ஊற்றப்போவது மனைவியோ மருமகளோதான். பெரும்பாலான குடும்பங்களில் நிலைமை இதுதான். அப்படியிருந்தும் நாம் எல்லாவற்றையும் மகனிடமே விளக்கிவிட்டு, விளக்கியாயிற்று என்று டிக் அடித்துவிடுகிறோம்.

ஆகவே நேராகக் கேளுங்கள்: "அம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு இவரைப் புரட்டிப் படுக்கவைக்கணும்னா யாரு எழுந்திருப்பாங்க?" இந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் திட்டம் தொடங்குகிறது. அந்த அம்மாவுக்கே முட்டி வலி இருக்கலாம், சுகர் இருக்கலாம். அவரால் 70 கிலோ உடம்பைத் தனியாகத் தூக்க முடியாது. இரண்டாவது ஆள் யார்? பக்கத்து வீட்டுக் கொழுந்தனா, தங்கச்சி மகனா? பெயரையும் போன் நம்பரையும் வாங்கி ஃபைலில் எழுதுங்கள். "எல்லாரும் பாத்துக்குவோம்" என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள்.

யாருமே இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இன்னும் சில நாள் வார்டில் வைப்பதா, மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புவதா, சம்பளத்துக்கு ஆள் வைப்பதா என்பதை அப்போதுதான் பேச முடியும்.

படி 3: வீட்டைப் பற்றி விசாரியுங்கள்

மகனிடம் சொல்லி வீட்டின் போட்டோக்களை வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். வாசற்படி எத்தனை, கதவில் வீல்சேர் நுழையுமா, கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா, தரையோடு இருப்பதா வெஸ்டர்னா, கட்டில் இருக்கிறதா பாய்தானா. கழிப்பறை கொல்லைப்புறத்தில் என்றால் கமோடு நாற்காலி ஒன்று வேண்டும். படுக்கைப் புண்ணைத் தவிர்க்க ஏர் பெட் வாங்கச் சொல்லும்போது அது கரண்டில் ஓடும் என்பதையும், கரண்ட் போனால் காற்று இறங்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏர் பெட் இருந்தாலும் புரட்டிப் போடும் வேலை குறையாது.

படி 4: மாத்திரைகள்

இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைப் பையை அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய மாத்திரை, டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் புது மாத்திரை இரண்டையும் மேசையில் பரப்பி, பிராண்ட் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்.

ஏன் என்றால், நம்மூரில் கூட்டு மாத்திரைகள் நிறைய. எகோஸ்பிரின் ஏவி என்றால் அதில் ஆஸ்பிரினும் இருக்கிறது, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டினும் இருக்கிறது. பழைய பையில் அடோர்வாஸ்டாட்டின் தனியாக இருந்தால் அந்த அம்மா இரண்டையும் கொடுப்பார். ரத்தம் கட்டாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரலும் ஆஸ்பிரினும் சேர்ந்த மாத்திரையோடு தனி ஆஸ்பிரினும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். பிரஷருக்கான டெல்மா, டெல்மா எச் இரண்டும் ஒன்றல்ல. எச் வகையில் நீர் பிரியச் செய்யும் மருந்து ஒன்று கூடுதலாக இருக்கிறது. இப்படி எதைப் பார்த்தாலும் நீங்களாக நிறுத்தச் சொல்லக் கூடாது. குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, எது தொடரும் எது நிற்கும் என்று எழுதி வாங்குங்கள். நிறுத்தியதை அந்தப் பையிலிருந்து தனியே எடுத்துவையுங்கள்.

டியூப் வழியாக மருந்து போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. சுகருக்கான மெட்ஃபார்மினில் எஸ்ஆர் என்று போட்டிருக்கும் வகை அப்படிப்பட்டது. பட்டியலைப் பார்மசிஸ்டிடம் காட்டி, எதைப் பொடிக்கலாம், எதற்கு மாற்று வேண்டும் என்று கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால், உணவு கொடுக்காமல் ஊசி மட்டும் போட்டால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கும் என்பதை இரண்டு மூன்று தடவை சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளில் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டுத் தமிழில் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் சூரியன், நிலா வரைந்து, அந்தந்த மாத்திரையின் காலி அட்டைத் துண்டைப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

நாட்டு மருந்து பற்றியும் நீங்களே கேட்டுவிடுங்கள். வாதத்துக்கு எண்ணெய்க்கட்டு, புறா ரத்தம் என்று ஊரில் ஆளாளுக்கு வழி சொல்வார்கள். திட்டினால் அவர்கள் நம்மிடம் மறைப்பார்கள், அவ்வளவுதான். "எங்கே போனாலும் இந்த மாத்திரையை நிறுத்தாதீங்க, உள்ளுக்கு எதுவும் கொடுக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: சொல்லித்தராதீர்கள், செய்யவையுங்கள்

வார்டு சிஸ்டரிடம் பேசி, டிஸ்சார்ஜுக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே டியூப் ஃபீடிங்கை அந்த அம்மா கையாலேயே செய்யவிடுங்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்துவது, மூக்கின் அருகே டியூபில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, மெதுவாக ஊற்றுவது, முடிந்ததும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவுவது, அதன்பின் அரை மணி நேரமாவது படுக்கவிடாமல் இருப்பது. நடுவில் இருமல் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்த வேண்டும். டியூப் கழன்று வந்தால் வீட்டில் யாரும் திரும்பச் செருகக் கூடாது.

அதோடு, பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் பாசத்தில் "ஒரு வாய் காபி" என்று ஊட்டிவிடுவார்கள். விழுங்கும் திறன் திரும்பியதா என்று சோதிக்கும்முன் வாய்வழி எதுவும் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். மறுக்க அந்த அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கும். "டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்" என்று டாக்டர் பேரைச் சொல்லி மறுக்கச் சொல்லுங்கள். ஒரு தாளில் பெரிதாக எழுதி கட்டில் தலைமாட்டில் ஒட்டவும் செய்யலாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். அப்படி மாற்றும்போதெல்லாம் முதுகின் அடி எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அழுத்தினாலும் சிவப்பு மறையாவிட்டால், அது புண்ணின் தொடக்கம். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவிவிடலாம்.

ஒவ்வொன்றும் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும்மா, நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். தடுமாறினால் மறுபடி நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

படி 6: எந்த உதவி எங்கே கிடைக்கும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று நோயாளி சேர்ந்த அன்றே பாருங்கள். ஆனால் காப்பீடு முக்கியமாக மருத்துவமனைச் செலவுக்குத்தான். வீட்டில் டயப்பர், ஃபீடிங், பிசியோ என்று மாதாமாதம் ஆகும் செலவைக் குடும்பம்தான் பார்க்க வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் நம் வேலைக்குப் பெரிய துணை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வீட்டிலேயே பிசியோதெரபியும் நோய் ஆதரவு சிகிச்சையும் (பாலியேட்டிவ் கேர்) உண்டு. நோயாளியின் ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று கேட்டு, டிஸ்சார்ஜுக்கு முன்பே அங்கே போன் செய்து பெயரைப் பதியச் சொல்லுங்கள். குடும்பமே போய் விசாரித்துக்கொள்ளட்டும் என்று விட்டால், கணவரின் கட்டிலை விட்டு நகர முடியாத அந்த அம்மாவுக்கு அது நடக்காது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, உதவித்தொகை ஆகியவற்றுக்கு உடனே அவசரமில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியை மட்டும் எழுதிக்கொடுங்கள். முதியோருக்கான 14567 உதவி எண்ணையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

படி 7: கிளம்பும் நாள்

மதியத்துக்கு முன் கிளம்பும்படி பாருங்கள். ராத்திரி ஊர் போய்ச் சேர்ந்தால் மருந்துக்கடையும் இருக்காது, உதவிக்கு ஆளும் இருக்காது. அன்றைய மாத்திரை, ஃபீடிங் எந்த வேளை வரை கொடுத்தாயிற்று என்று எழுதிக் கொடுங்கள். குறைந்தது ஒரு வாரத்துக்கான மருந்து கையில் இருக்கட்டும்.

சுவரில் ஒட்ட ஒரு தாள் கொடுங்கள். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டியவை: முகம் புதிதாகக் கோணுவது, இன்னொரு கையோ காலோ விழுவது, வலிப்பு, மூச்சுத்திணறல், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம். அன்றே நமக்குப் போன் செய்ய வேண்டியவை: காய்ச்சல், டியூப் கழல்வது, சிறுநீர் வராதது, தோலில் சிவப்பு. இரண்டு பட்டியலும் தனித்தனியாக இருப்பது அவசியம். எல்லாவற்றையும் ஒன்றாக எழுதினால் பதற்றத்தில் எதற்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது.

படி 8: போன்

இரண்டு நாளுக்குள் முதல் போன். மகனுக்கு அல்ல, அந்த அம்மாவுக்கு. அமெரிக்காவில் எரிக் கோல்மன் என்ற மருத்துவர் உருவாக்கிய பராமரிப்பு மாற்ற முறை நான்கு விஷயங்களைப் பிடித்துக்கொள்கிறது: மருந்துகளைச் சரியாகக் கையாள்வது, நோயாளியின் விவரங்கள் அவரிடமே ஒரு பதிவாக இருப்பது, தொடர் சிகிச்சைக்குப் போவது, அபாய அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருப்பது. நானும் போனில் இந்த வரிசையில்தான் கேட்பேன். "நல்லா இருக்காரா?" என்று கேட்டால் "இருக்காரு" என்றுதான் பதில் வரும். "காலையில எந்தெந்த மாத்திரை கொடுத்தீங்க? தாளைப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டால் உண்மை நிலவரம் தெரியும். தோலைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக அவரைப் பற்றியும் கேளுங்கள். "நீங்க ராத்திரி தூங்குறீங்களாம்மா?" பல நேரம் அங்கேதான் அழுகை வரும். அவசரப்படாமல் கேளுங்கள். வாரத்தில் ஒரு இரவாவது வேறொருவர் முறை எடுக்க வேண்டும் என்று மகனிடம் நீங்கள் பேசுங்கள். அந்த அம்மாவாகக் கேட்க மாட்டார். நோயாளியின் மனநிலையையும் விசாரியுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அழுகை, சாப்பாட்டை மறுப்பது, பிசியோவுக்கு ஒத்துழைக்காதது எல்லாம் பிடிவாதமாக இல்லாமல் அதன் அறிகுறியாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது.

படி 9: ஒப்படைப்பு

ஒரு மாதம் கழித்து ஃபைலை மூடும் முன், இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், கிராமத்துப் பெண் சுகாதாரத் தன்னார்வலர். அவர்களிடம் நீங்களே ஒருமுறை பேசி, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலும் இப்போதைய மாத்திரைப் பட்டியலும் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்யுங்கள். டியூப் மாற்ற வேண்டிய தேதி, அடுத்த ரிவ்யூ தேதி, விழுங்கும் திறனை மறுபடி சோதிக்க வேண்டிய தேதி மூன்றும் அந்த அம்மாவின் தாளிலும் இருக்கட்டும், உங்கள் ஃபைலிலும் இருக்கட்டும். இதில் ஏதாவது ஒரு இடத்தில் பெயரோ தேதியோ காலியாக இருந்தால் ஃபைலை மூடாதீர்கள்.