கூஸ் வாத்து முட்டையை வீட்டிலேயே பொரிக்க வைப்பது எப்படி?

கோழி முட்டையை இன்குபேட்டரில் (சூடு கொடுத்து முட்டை பொரிக்க வைக்கும் பெட்டியில்) வைத்துக் குஞ்சு எடுத்தவர்கள், அதே தைரியத்தில் கூஸ் வாத்து முட்டையையும் வைத்துவிடுகிறார்கள். 21 நாளுக்குப் பதில் 30 நாள், அவ்வளவுதானே என்ற நினைப்பு. முப்பதாவது நாள் பார்த்தால் குஞ்சு முழுதாக வளர்ந்து, ஓட்டைக் கொத்தாமலே உள்ளே இறந்திருக்கும். முதல் தடவை நான் வைத்த ஆறில் நான்கு அப்படித்தான் போயின. சூடு சரியாகத்தான் இருந்தது. முட்டைக்குள் இருந்த ஈரம்தான் போதிய அளவு வெளியேறவில்லை. அதனால் இங்கே சூட்டைவிட எடையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முட்டை சேர்ப்பது

கூஸ் பெட்டை பொதுவாக ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் முட்டையிடும். ஒரே ஒரு பெட்டை இருந்தால் ஒரு வாரத்துக்கு மூன்று, நான்கு முட்டைதான் தேறும். முட்டையிட்டு ஏழு நாளுக்கு மேல் போகப் போகப் பொரியும் வாய்ப்பு குறையும். பத்து நாளைத் தாண்டவிடாதீர்கள்.

அதுவரை எங்கே வைப்பது? ஈர மணலில் பாதி புதைத்த மண்பானையே போதும். அடியில் கொஞ்சம் வைக்கோல் போட்டு, முட்டைகளைப் படுக்க வைத்து, தினமும் ஒரு முறை திருப்பிவிடுங்கள். ஃபிரிட்ஜின் குளிர் கருவுக்கு ஆகாது. சேறு ஒட்டியிருந்தால் காய்ந்த தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். பச்சைத் தண்ணீரில் கழுவினால் ஓட்டின் மேல் இருக்கும் காப்புப் பூச்சு போய், நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே போய்விடும். மிகவும் அழுக்கான முட்டையையும் விரிசல் விட்டதையும் ஒதுக்கிவிடுவதே நல்லது.

இயந்திரம்

முட்டை வைப்பதற்கு ஒரு நாள் முன்பே இன்குபேட்டரை ஓடவிடுங்கள். ஃபேன் உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம். பெட்டியின் திரை காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் பெட்டியின் சூட்டை அளக்கும் சென்சாரையும் ஒரே வெதுவெதுப்பான தண்ணீரில் சேர்த்து முக்கிப் பாருங்கள். அரை டிகிரி வித்தியாசம் இருந்தால்கூடச் சரிசெய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

முட்டையில் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போடுங்கள். கூடவே வைத்த தேதியும் எடையும். அப்புறம் எல்லாவற்றையும் படுத்த வாக்கில் அடுக்குங்கள்.

திருப்புவதும் ஆற வைப்பதும்

தினம் மூன்று அல்லது ஐந்து முறை, பெருக்கல் குறி மேலே இருந்தால் வட்டம் மேலே வரும்படி அரைச் சுற்று திருப்புங்கள். ஒற்றைப்படையாகத் திருப்பினால், இரவில் நீண்ட நேரம் கிடக்கும் பக்கம் நாளுக்கு நாள் மாறும். ஒரு தடவை வலப்புறம் உருட்டினால் அடுத்த தடவை இடப்புறம். தானாகத் திருப்பும் தட்டுகள் பெரும்பாலும் கோழி முட்டை அளவுக்குச் செய்தவை. அவற்றை மட்டும் நம்பாமல் கையாலும் திருப்பிவிடுங்கள்.

அடை கிடக்கும் தாய் வாத்து தினமும் கொஞ்ச நேரம் எழுந்துபோய் மேய்ந்து, குளித்து, ஈர இறகோடு வந்து உட்காரும். பத்தாவது நாளிலிருந்து நாமும் அதையே செய்கிறோம். தினம் ஒரு முறை மூடியைத் திறந்து 10 முதல் 15 நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலால் லேசாகத் தெளித்து மூடுங்கள்.

எடை பார்ப்பது

கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். 130 கிராம் முட்டையை எடுத்துக்கொள்வோம். அடை வைத்த நாள் முதல் 28ஆம் நாள் வரை அது சுமார் 13 சதவீதம் எடை இழக்க வேண்டும். அதாவது 17 கிராம். ஓட்டின் துளைகள் வழியே நீராவி போகப் போக, முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அந்தக் காற்றில்தான். அறை சின்னதாக இருந்தால் குஞ்சுக்கு உடம்பைத் திருப்பவும் இடமிருக்காது, மூச்சுக்கும் வழியிருக்காது.

ஆகவே வாரம் ஒரு முறை எடை போடுங்கள். அதே முட்டை 7ஆம் நாள் 126, 14ஆம் நாள் 121 அல்லது 122, 21ஆம் நாள் 117 என்று வந்தால் சரியான பாதையில் போகிறது. 14ஆம் நாளும் 125 காட்டினால், ஈரப்பதத்துக்காகப் பெட்டிக்குள் வைத்த தட்டில் இருக்கும் தண்ணீரை எடுத்துவிட்டு, பெட்டியின் காற்றுத் துளையைக் கொஞ்சம் அதிகமாகத் திறங்கள். 118க்கு இறங்கியிருந்தால் தண்ணீரைக் கூட்டுங்கள். ஈரப்பதமானி தப்பாகக் காட்டினாலும் தராசு காட்டிக்கொடுத்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் தட்டில் தண்ணீரே ஊற்றாமல் உள்ளே 45, 50 சதவீதம் நிற்பதுண்டு. அங்கே பாதித் தட்டு தண்ணீர்கூட அதிகமாகிவிடும்.

டார்ச் அடித்துப் பார்ப்பது

பத்தாம் நாள் இருட்டறையில் அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக் கால்கள்போல் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. வெறும் மஞ்சள் வெளிச்சம் என்றால் கருக்கூடாத முட்டை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். நாற்றம் வரும் முட்டையை உடனே வெளியேற்றுங்கள், கூமுட்டை உள்ளேயே வெடித்தால் மற்றவையும் கெடும்.

கரண்ட் போனால் பதற வேண்டாம். ஒரு மணி, இரண்டு மணி நேரம் முட்டை தாங்கும். மூடியைத் திறக்காமல் போர்வையால் போர்த்துங்கள். கடைசி வாரத்தில் மட்டும் காற்றுத் துளையை மூடிவிடாதீர்கள், பெரிய கரு தானே சூட்டை உண்டாக்கும், காற்றும் அதிகம் கேட்கும்.

பொரிக்கும் நாட்கள்

27, 28ஆம் நாளில் காற்றறை ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே நிழல் அசைவது டார்ச்சில் தெரியும். அதோடு திருப்புவதையும் ஆற வைப்பதையும் நிறுத்துங்கள். ஈரப்பதத்தை 75க்கு ஏற்றுங்கள், சூட்டை 37.2க்கு இறக்குங்கள். முட்டையைக் காதருகே வைத்தால் மெல்லிய கீச்சுக் குரல் கேட்கும். அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் விரிசல் விழுந்ததிலிருந்து முழுதாக வெளியே வர 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். இங்கேதான் பொறுமை வேண்டும். மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்ச் சேரவும் ஓட்டை ஒட்டிய ரத்த நாளங்கள் வற்றவும் அந்த நேரம் தேவை. இரண்டாம் தடவை வைத்தபோது, பத்து மணி நேரமாக அசையவில்லையே என்று ஓட்டைக் கொஞ்சம் பெயர்த்தேன். சவ்விலிருந்து ரத்தம் கசிந்தது. அந்தக் குஞ்சு பிழைக்கவில்லை. அதற்கப்புறம் 48 மணி நேரம் தாண்டாமல் நான் கை வைப்பதில்லை. தாண்டினாலும் சவ்வை வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்துப் பார்க்கிறேன். சிவப்பு நரம்பு ஒன்று தெரிந்தாலும் விட்டுவிடுகிறேன்.

வெளியே வந்த பிறகு

உடம்பு காய்ந்து மஞ்சள் பஞ்சுபோல் ஆகும்வரை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், ஒரு நாள் ஆனாலும் பசிக்காது. பிறகு 32 முதல் 35 டிகிரி சூடுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். கீழே செய்தித்தாள் விரிக்கக் கூடாது, வழுக்கிக் கால் விரிந்துவிடும். பழைய சாக்கு நல்லது.

கூஸ் குஞ்சு முதலில் பார்க்கும் அசையும் உருவத்தைத் தாயாக எடுத்துக்கொள்ளும். கொன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி தன் பின்னாலேயே நடந்த கூஸ் குஞ்சுகளை வைத்து இதை விளக்கினார், 1973இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஒற்றைக் குஞ்சாக இருந்தால் நீங்கள் நகர்ந்தாலே கத்தும், ஆகவே இரண்டு குஞ்சாவது சேர்ந்து பொரிக்கும்படி முட்டை வையுங்கள். தண்ணீர்க் கிண்ணம் மூக்குத் துளை நனையும் ஆழம் இருக்கட்டும், குஞ்சு உள்ளே இறங்க முடியாதபடி நடுவில் ஒரு கல்லைப் போட்டுவிடுங்கள்.